இலவம் பஞ்சு மெத்தையைப் பேணும் முறை

கிராமத்துக் குடும்பம் ஒன்றின் உடைமைகளைக் கணக்கெடுக்கும்போது, மெத்தையும் தலையணையும் கடைசியிலேதான் நினைவுக்கு வரும். ஏர், மாடு, பம்பு செட்டு ஆகியவற்றிற்குக் காட்டும் அக்கறையை நாம் படுக்கைக்குக் காட்டுவதில்லை. ஆயினும் மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கிறான். பகலெல்லாம் வயலில் உழைத்தவன் இரவில் சொறிந்துகொண்டு புரண்டால், மறுநாள் வேலை கெடுகிறது. தூசி நிறைந்த தலையணையில் முகம் புதைத்து உறங்கும் குழந்தைக்கு இருமலும் இளைப்பும் வருகின்றன. ஆகவே, படுக்கையைப் பேணுவது மனைச் சுகாதாரத்தின் முக்கியமான ஒரு பகுதியாகும்.

அழகர் மலையடிவாரத்திலும் மதுரைச் சமவெளியிலும் உள்ள வீடுகளில் இன்றும் இலவம் பஞ்சு மெத்தை வழக்கில் இருக்கிறது. அதனைக் கெடுக்கும் பகை எது, அதற்கு மாற்று என்ன, எந்த மாதத்தில் எந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். சுருங்கச் சொன்னால், மெத்தையின் முதற்பகை ஈரம். அதற்கு மருந்து வெயிலும் காற்றும். இவ்விரண்டுக்கும் நம் ஊரில் விலை கிடையாது.

இலவம் பஞ்சின் இயல்பு

மெத்தைக்குப் பயன்படும் இலவம் இரு வகைப்படும். சிவந்த பெரிய பூப் பூக்கும் முள்ளிலவு நம் நாட்டுக் காட்டு மரம். வெளிர் நிறப் பூவுடன், கிளைகளை அடுக்கடுக்காகக் கிடையாக நீட்டி நிற்பது வெள்ளிலவு. கடையில் வாங்கும் இலவம் பஞ்சு பெரும்பாலும் இரண்டாவது மரத்திலிருந்து கிடைப்பதே. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர்ப் பகுதி இப்பஞ்சுக்குப் பெயர் பெற்றது.

பருத்தி இழை விதையின்மேல் ஒட்டி வளர்கிறது. இலவ இழையோ காயின் உட்சுவரிலிருந்து வளர்வது. விதைகள் அதனிடையே தனியாகக் கிடக்கின்றன. ஆகையால் இதற்கு அரவை எந்திரம் தேவையில்லை. கூடையிலிட்டுக் கோலால் கலக்கினாலே விதை அடியில் தங்கிவிடும். இலவ இழை மெல்லிய குழலைப் போன்றது. அதனுள்ளே பெரும்பகுதி காற்றுதான். மேற்புறத்தில் இயற்கையான மெழுகுப் பூச்சும் உண்டு. எனவே இது நீரில் மிதக்கும், எளிதில் நனையாது. இக்குணம் கருதியே கப்பலில் செல்வோர் அணியும் மிதவைச் சட்டைகளில் இதனை அடைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பஞ்சு ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த ஜாவாத் தீவு ஜப்பான் வசமாயிற்று. இலவம் பஞ்சு கிடைக்காமற் போன அமெரிக்காவில், நம் எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்ப்பஞ்சைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு சேகரித்து அச்சட்டைகளுக்குப் பயன்படுத்தினர்.

இழை நனையாது என்பதால் மெத்தையைத் துவைக்கலாம் என்று கருதலாகாது. நீர் இழைக்குள் புகாவிட்டாலும், இழைகளுக்கு இடையில் தங்கிவிடும். மேற்புறம் உலர்ந்த பின்னும் நடுப்பகுதி பல நாள் ஈரமாகவே இருக்கும். பஞ்சு கட்டியாகும், பூஞ்சை பிடிக்கும், முடைநாற்றம் எழும். உறையைத் துவைக்கலாம், பஞ்சைத் துவைத்தல் ஆகாது. இதுவே முதல் விதி.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

மழையில் நனையாத மெத்தைக்கு ஈரம் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். உறங்கும் மனிதனின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஓரிரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீர் ஆவியாகிறது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். இதில் ஒரு பகுதி மெத்தைக்குள் இறங்குகிறது. மெத்தை வெறுந்தரையில் கிடந்தால், இறங்கிய ஆவி குளிர்ந்த சிமெண்டுத் தரையைத் தொட்டு நீராக மாறி அடிப்புறத்தில் தங்குகிறது. விடிந்தவுடன் மெத்தையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டால் அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகிறது.

இந்த ஈரத்தை நம்பியே ஒரு நுண்ணுயிர் வாழ்கிறது. தூசி உண்ணி என்று அதற்குப் பெயர். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவேயுள்ள அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களே அதன் உணவு. அது நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே உலர்ந்த இடத்தில் அதனால் உயிர் தரிக்க இயலாது. வீட்டுத் தூசியால் இளைப்பு வருவதற்கு இந்த உண்ணியே முக்கியக் காரணம் என்பதை 1964-இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகர அறிஞர்கள் கண்டறிந்தனர். உண்ணி கடிப்பதில்லை. அதன் கழிவுப் பொடியே மூச்சில் கலந்து தும்மலையும் இளைப்பையும் உண்டாக்குகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நாம் அறியலாம். முதலாவது, மெத்தையை உலர்த்தினால் உண்ணி மடியும். இரண்டாவது, உண்ணி மடிந்தாலும் கழிவுப் பொடி உள்ளேயே இருக்கும். எனவே உலர்த்துவதோடு நில்லாமல், தட்டித் தூசி போக்குவதும் உறையைத் துவைப்பதும் அவசியமாகின்றன.

அன்றாடம் செய்ய வேண்டுவன

1. விழித்தவுடன் மெத்தையைச் சுருட்ட வேண்டாம். போர்வையை உதறி எடுத்துவிட்டு, சன்னலைத் திறந்து, அரை மணி நேரம் காற்றாட விடுக.

2. தரையில் படுப்பவர்கள் மெத்தையின் அடியில் கோரைப் பாயையேனும் விரிக்க வேண்டும். பலகைக் கட்டிலோ கயிற்றுக் கட்டிலோ இருப்பின் அடியிலும் காற்றோட்டம் கிடைக்கும்.

3. மெத்தைக்குப் பருத்தித் துணியில் கழற்றி மாட்டக்கூடிய உறை ஒன்று தைத்துக்கொள்க. அதன் மீது விரிப்பு. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இவ்விரண்டோடு நின்றுவிட்டால் மெத்தையின் ஆயுள் நீளும்.

4. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும். இளைப்பு உள்ளவர் வீட்டில் அவற்றை 60 டிகிரி வெப்பமுள்ள, அதாவது கை பொறுக்காத சூடுடைய நீரில் ஊற வைத்துத் துவைத்தால் உண்ணிகள் மடியும்.

5. இலவம் பஞ்சு விரைவில் தீப்பற்றும் பொருள். மெத்தையருகே கொசுவர்த்திச் சுருளையோ சிமினி விளக்கையோ வைக்கலாகாது; படுத்துக்கொண்டு பீடி புகைக்கவும் கூடாது.

6. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மெத்தென்று அமிழும் படுக்கையில் இடாமல், சமமான, கெட்டியான விரிப்பில் மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். மிருதுவான தலையணை அதன் மூச்சை அடைக்கக்கூடும்.

வெயிலில் உலர்த்தும் முறை

மாதம் இரு முறை மெத்தையை வெயிலில் போட வேண்டும். காலை 10 மணிக்கு வெளியே எடுத்துக் கயிற்றுக் கட்டில் மேலோ, இரு மரக்கட்டைகளின் மேல் பரப்பிய மூங்கில்கள் மேலோ கிடத்துக. வெறுந்தரையில் போட்டால் அடிப்புறம் உலராது, எறும்பும் ஏறும். நண்பகலில் ஒரு முறை புரட்டிப் போடுக. பிற்பகல் 3 மணிக்குள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். மாலைப் பனி இறங்கும் வரை விட்டுவைத்தால் பகல் முழுதும் போன ஈரம் திரும்பிவிடும்.

உலர்ந்த மெத்தையை மெல்லிய பிரம்பால் தட்ட வேண்டும். பருத்தி மெத்தை ஓங்கிய அடியைத் தாங்கும். இலவ இழையோ முறியும் தன்மையுடையது. பலமாக அடித்தால் பொடியாகித் தையல் வழியே தூசியாக வெளிவரும். தட்டுபவர் காற்று வரும் திசையில் முதுகு காட்டி நின்று, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்க. இளைப்பு உள்ளவரிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாகாது. தட்டி முடித்தபின் சிறிது நேரம் நிழலில் ஆற வைத்து, தலைப்பக்கம் கால்பக்கமாகும்படி மாற்றி விரித்தால் ஒரே இடத்தில் பள்ளம் விழாது.

கறை பட்டால் செய்ய வேண்டுவது

குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால் தாமதமின்றி உலர்ந்த பருத்தித் துணியை அவ்விடத்தில் அழுத்தி ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். தேய்த்தால் ஈரம் உள்ளிறங்கும். பிறகு நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சிறிது சோப்பு நுரையை மட்டும் எடுத்து மேலாகத் துடைத்து, மறுபடியும் ஒற்றி, அன்றைக்கே வெயிலில் போடுக. நன்கு உலர்ந்த பின்னும் வாடை இருப்பின், சமையல் சோடாவை மெல்லத் தூவிச் சில மணி நேரம் விட்டு, தூரிகையால் துடைத்துவிடலாம். இரத்தக் கறைக்குத் தண்ணீரே ஏற்றது. வெந்நீர் பட்டால் கறை துணியில் ஊன்றிவிடும். சிறு குழந்தையுள்ள வீட்டில் விரிப்பின் அடியில் ரப்பர் சீலை ஒன்று போட்டுவைப்பது இத்தொல்லைகள் அனைத்தையும் தவிர்க்கும்.

மூட்டைப்பூச்சியும் நச்சு மருந்தும்

ஈரத்துக்கு அடுத்த பகை மூட்டைப்பூச்சி. அது மெத்தையின் தையல் மடிப்பிலும், கட்டில் மூட்டுகளிலும், சுவர் வெடிப்பிலும் பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கிறது. இரத்தம் கிடைக்காவிடினும் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லது.

இங்கே உழவர் பெருமக்கள் ஓர் எச்சரிக்கையை மனத்தில் இருத்த வேண்டும். வயலுக்கு அடித்தது போக எஞ்சிய பூச்சி மருந்தை மெத்தையில் தெளிப்பது பேராபத்து. அம்மருந்துகளில் பல தோல் வழியாகவே உடலில் ஏறுபவை. இரவு முழுவதும் அதன் மேல் படுப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அதனினும் கொடியது, தானிய மூட்டைகளுக்கிடையே வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு வெளிப்படும். அதற்கு முறிமருந்து கிடையாது. மூட்டைப்பூச்சியை ஒழிப்பதற்காக இம்மாத்திரையை வீட்டில் வைத்தால், பூச்சியோடு அங்கு உறங்குவோரின் உயிரும் போகும். அவ்வாறு எவரேனும் மயக்கமோ வாந்தியோ மூச்சுத் திணறலோ கொண்டால், உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

நச்சு மருந்தால் மூட்டைப்பூச்சி அடியோடு ஒழியும் என்பதும் உறுதியன்று. டி.டி.டி. மருந்து புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1947-இல், ஹவாய்த் தீவின் மூட்டைப்பூச்சிகள் அதற்கு ஈடுகொடுத்து வாழக் கற்றுவிட்டன. பின்னர் உலகின் பல நாடுகளிலும் அவ்வாறே நேர்ந்தது.

எளிய வழியே நல்ல வழி. மெத்தையின் தையல் மடிப்புகளைக் கெட்டியான தூரிகையால் சுரண்டி, விழும் பூச்சிகளையும் முட்டைகளையும் சோப்புக் கரைசலில் தள்ளுக. கட்டிலை வெளியே எடுத்து அதன் மூட்டுகளிலும் கயிற்றிலும் கொதிநீரை ஊற்றுக. உறை, விரிப்பு, போர்வை ஆகியவற்றைக் கொதிநீரில் ஊற வைக்க வேண்டும். சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்பால் பூசி அடைத்துவிடுக. முட்டைகள் ஒரு வாரம் முதல் 10 நாட்களுக்குள் பொரிக்கும். ஆகவே ஒரே முறையோடு நிறுத்திவிடாமல், 10 நாட்களுக்கு ஒரு முறையாக மூன்று முறை இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

பஞ்சை மாற்றும் பருவம்

எவ்வளவு பேணினாலும் சில ஆண்டுகளில் இலவ இழை நசுங்கித் தன் எழுச்சியை இழந்துவிடும். நாள் முழுதும் வெயிலில் போட்டும் மெத்தை உப்பவில்லையென்றால், தட்டும்போது மாவு போன்ற தூசி வந்துகொண்டேயிருந்தால், பஞ்சை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அறியலாம்.

அதற்கு ஏற்ற பருவம் பங்குனி, சித்திரை. இலவங்காய் முற்றுவதும் அப்பொழுதே. காய்கள் பழுப்பு நிறம் கொண்டு, வெடிக்கத் தொடங்கும் முன் பறித்து வெயிலில் உலர்த்த வேண்டும். தாமதித்தால் பஞ்சு காற்றோடு போய், இலவு காத்த கிளியின் கதையாகிவிடும். தோட்டத்து ஓரத்தில் ஓரிரு இலவ மரங்கள் வைத்திருக்கும் உழவர் தம் வீட்டு மெத்தைக்கு வேண்டிய பஞ்சைத் தாமே பெறலாம்.

மெத்தையைப் பிரித்துப் பழைய பஞ்சைக் கையால் உதிர்த்துச் சலித்து, பொடியையும் கட்டியையும் நீக்கி, நல்ல பகுதியோடு புதுப் பஞ்சைச் சேர்க்கலாம். பருத்தியை வில்லால் கொட்டிப் பிரிப்பது போல் இலவத்தைக் கொட்டக் கூடாது. கையால் உதிர்த்தலே போதும். விதைகளை முற்றிலும் நீக்க வேண்டும். அவற்றில் எண்ணெய்ச் சத்து உண்டு. ஒரு கைப்பிடி விதை உள்ளே தங்கினாலும் எலி மெத்தையைக் கடிக்கும், வண்டும் வந்து சேரும். மேல்துணி நெருக்கமான நெசவாக இருத்தல் வேண்டும். தளர்ந்த நெசவாயின் இழை வெளிவரும்.

கடையில் பஞ்சு வாங்குவோர்க்கு ஒரு சோதனை: ஒரு பிடி பஞ்சைக் கிண்ணத்து நீரில் அமுக்கி விடுக. இலவம் மீண்டும் மேலே எழுந்து மிதக்கும். கலப்படம் செய்த ஆலைக் கழிவுப் பருத்தியோ நீரை உறிஞ்சி அமிழும்.

நுரை மெத்தையும் தென்னை நார் மெத்தையும்

இக்காலத்தில் பல வீடுகளில் ரப்பர் நுரை மெத்தையும், ரப்பர் பால் கலந்த தென்னை நார் மெத்தையும் வந்துவிட்டன. அவற்றிற்கும் ஈரம் பகையே. ஆனால் கடும் வெயில் நுரையைப் பழுக்கச் செய்து உதிரவைக்கும். எனவே இவற்றை வெயிலில் கிடத்தாமல், நிழலில் சுவரோரம் செங்குத்தாகச் சாய்த்து, இருபுறமும் காற்றுப் படும்படி அரை நாள் நிறுத்தினால் போதும். பிரம்பால் அடிக்கவும் மடிக்கவும் கூடாது. புதிதாக வாங்கும்போது சுற்றி வரும் பிளாஸ்டிக் உறையை நீக்காமலே பயன்படுத்துவோர் உண்டு. அது வியர்வையை உள்ளே அடைத்துவிடும் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

ஊர்ப் பொதுப்பணியாகச் செய்யத்தக்கவை

மெத்தையை உலர்த்துவது ஒவ்வொரு வீட்டின் கடமை. மூட்டைப்பூச்சியை ஒழிப்பதோ ஒரு வீட்டால் மட்டும் ஆகாது. அது துணி மூட்டையிலும் பாய்ச் சுருளிலும் ஏறி வீடு விட்டு வீடு செல்வது. ஒருவர் சுத்தம் செய்து அடுத்தவர் வாளாவிருந்தால் மறு மாதமே அது திரும்பிவிடும். ஆகையால் தெரு முழுவதும் ஒரே நாளில் செய்வதே பயன் தரும்.

இதற்கு நம் வட்டாரத்தில் இயல்பான காலம் ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் அழகர்கோவிலிலிருந்து புறப்பட்டு, பௌர்ணமியன்று வைகையில் இறங்கி, மீண்டும் மலைக்குத் திரும்புகிறார். அந்நாட்களில் வழிநெடுகிலும் உள்ள வீடுகளில் உற்றார் உறவினர் வந்து தங்குவர். பரணிலிருந்த மெத்தைகளும் பாய்களும் கீழே இறங்கும். வெளியூர் மூட்டைகளும் வந்து சேரும். எனவே திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நாளும், விருந்தினர் சென்ற பின் ஒரு நாளும் தெருவாரியாகப் படுக்கைத் துப்புரவு நாளாக வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலைவிடச் சிறந்த உதவியாளர் நமக்கு வேறு எவர் உளர்?

அறுவடை இல்லாத நாட்களில் ஊர் உலர்களத்தை இதற்குப் பயன்படுத்தலாம். முற்றம் இல்லாத சிறு வீட்டுக்காரர்களுக்கும் தொகுப்பு வீடுகளில் குடியிருப்போர்க்கும் இது பெரிதும் உதவும். களத்தைக் கூட்டிச் சுத்தம் செய்த பிறகே மெத்தைகளைக் கட்டில் மேல் கிடத்த வேண்டும். மூட்டைப்பூச்சி கண்ட மெத்தையை மற்றவற்றிலிருந்து விலக்கிப் போடுக. முதியோர் மட்டும் வாழும் வீடுகளின் மெத்தைகளைச் சுமந்து வந்து திரும்பக் கொண்டு சேர்க்கும் பணியை ஊர் இளைஞர்கள் ஏற்கலாம். அங்கன்வாடி, மாணவர் விடுதி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய இடங்களிலுள்ள படுக்கைகள் மாதம் இரு முறை வெயில் காண்கின்றனவா என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் பார்வையிட்டுக் கேட்டறிவது நலம். மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசலாம்.

ஆண்டு அட்டவணை

தை, மாசி: மார்கழிப் பனியில் ஏறிய ஈரம் போக நன்கு உலர்த்துக.
பங்குனி, சித்திரை: பஞ்சு மாற்றுதல், உறை தைத்தல், தெருவாரித் துப்புரவு.
வைகாசி, ஆனி: மாதம் இரு முறை வெயில், வியர்வை மிகுதியாதலின் உறையை அடிக்கடி துவைத்தல்.
ஆடி, ஆவணி: காற்றில் மண் தூசி மிகும், பகலில் மெத்தையை மூடி வைக்கவும், உலர்த்திய பின் தட்டவும்.
புரட்டாசி: மழைக்கு முன் கடைசியாக முழு உலர்த்தல், கூரை ஒழுக்கைச் சரிபார்த்தல்.
ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: மழை மாதங்களிலும் பனி மாதத்திலும் வெயில் கிடைத்த நாளைத் தவறவிடாதிருத்தல், மற்ற நாட்களில் கட்டில் மேல் காற்றாட வைத்தல்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் மெத்தையை வெயிலில் போட இடமில்லாத வீடுகள் எத்தனை? அவர்களுக்கு எந்த இடத்தை ஒதுக்கலாம்?
2. இளைப்பு நோயுள்ள குழந்தைகள் உறங்கும் படுக்கைகள் எந்நிலையில் உள்ளன?
3. வயல் மருந்தும் தானிய மாத்திரையும் உறங்கும் அறையிலிருந்து விலக்கிப் பூட்டி வைக்கப்பட்டுள்ளனவா?
4. திருவிழாவுக்கு முன் தெருவாரித் துப்புரவு நாளை எந்தக் கிழமையில் வைக்கலாம்? பொறுப்பு யாருடையது?

மாதம் இரு நாள் வெயிலில் கிடத்திப் புரட்டும் உழைப்பைத் தவிர இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. அந்தச் சிறு உழைப்பால் மெத்தையின் ஆயுள் கூடும். குழந்தையின் மூச்சு சீராகும். உழைத்துக் களைத்தவர் நல்லுறக்கம் பெற்று மறுநாள் விடியலில் தெளிவோடு எழுவர். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வெயில் இருப்பின், அன்றே தொடங்கலாம்.